தாய்ப்பால் கொடுத்தும் எடை குறையவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 31. குழந்தைக்கு ஐந்தரை மாதம். இதுவரை தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். கர்ப்பத்தில் 17 கிலோ ஏறினேன். பிரசவத்தோடு சேர்த்து முதல் இரண்டு மாதத்தில் 9 கிலோ தானாகவே இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது. கடந்த இரண்டு மாதத்தில் 2 கிலோ கூடியும் விட்டது. பால் கொடுத்தால் எடை கரைந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கு மட்டும் ஏன் இப்படி? காலையில் சாப்பிட நேரமே கிடைப்பதில்லை. பகலில் கட்டுப்பாடாக இருக்கிறேன். ராத்திரி பால் கொடுக்க எழும்போது பசியைத் தாங்க முடியாமல் கையில் கிடைக்கும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, பிறகு அழுகிறேன். ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தேன். பால் குறைந்ததுபோல் தோன்றியதும் பயந்து விட்டுவிட்டேன். மாவுச்சத்தே இல்லாத டயட்டுக்கு மாறச் சொல்கிறாள் ஒரு தோழி. எடை குறைக்கும் ஊசி போடலாமா? இல்லை, பால் கொடுப்பதை நிறுத்தினால்தான் குறையுமா? அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

பதில்:

அன்புத் தோழிக்கு,

பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஊசியும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் எடைக்கு முன்னால் என் கண்ணில் பட்டது பசிதான். காலையில் வெறும் வயிறு, பகலெல்லாம் கட்டுப்பாடு, இரவில் தாங்க முடியாத பசி, அப்புறம் அழுகை. இதில் மன உறுதிக் குறைவு எங்கேயும் எனக்குத் தெரியவில்லை. பகலில் வாங்கும் கடனை உடம்பு இரவில் வட்டியோடு வசூலிக்கிறது, அவ்வளவுதான். எனவே உங்களை இன்னும் குறைத்துச் சாப்பிடச் சொல்லப்போவதில்லை. பகலிலேயே நிறைவாகச் சாப்பிடுங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. எடை குறைய வேண்டும் என்கிறவரிடம் இப்படிச் சொல்வது விசித்திரமாகப் படலாம், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

'பால் கொடுத்தால் எடை கரையும்' என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னார்கள். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் ஐந்து மாதக் குழந்தை ஒரு நாளில் சராசரியாக முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகமாகக் குடிக்கும். 100 மில்லி தாய்ப்பாலில் 65 முதல் 70 கலோரி இருக்கிறது. ஆக, 500 கலோரிக்கு மேல் தினமும் பாலாகவே உங்கள் உடம்பிலிருந்து வெளியே போகிறது. பாலைத் தயாரிக்க ஆகும் செலவு தனி. இது பெரிய செலவுதான், சந்தேகமே இல்லை.

விட்டுப்போன மறுபாதி பசியைப் பற்றியது. பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனே பசியையும் கூட்டும். குழந்தைக்குப் போகும் சக்தியில் ஒரு பகுதியை உடம்பு சேமித்து வைத்த கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், மீதியைச் சாப்பாட்டில் கேட்கும். எவ்வளவு எடுக்கும், எவ்வளவு கேட்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். டென்மார்க்கில் பல்லாயிரக்கணக்கான தாய்மார்களைப் பின்தொடர்ந்து 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, நீண்ட காலம் பால் கொடுத்தவர்களிடம் கர்ப்பகால எடை சராசரியாகக் குறைவாகவே தங்கியது என்று கண்டது. சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். சிலருக்கு மாதாமாதம் இறங்கும். சிலருக்குக் கடைசி இரண்டு மூன்று கிலோ, பால் கொடுப்பது முடியும்வரை அசையாது. நீங்கள் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம், உங்களைப் போன்றவர்கள் ஏராளம்.

முதலில் இறங்கிய 9 கிலோவையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், ரத்தம் என்று பிரசவத்தன்றே 5, 6 கிலோ போய்விடும். பிரசவம் முடிந்ததும் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும் கர்ப்பப்பை, ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்கிவிடும். கர்ப்பத்தில் உடம்பு தேக்கி வைத்த நீரும் முதல் சில வாரங்களில் வடியும். ஆக, அந்த 9 கிலோவில் கொழுப்பின் பங்கு கொஞ்சம்தான். அது இறங்கிய வேகத்தை இனி எதிர்பார்க்கக் கூடாது. இப்போது கரைய வேண்டியது கொழுப்பு, அது மெதுவாகத்தான் கரையும்.

சரி, கூடிய 2 கிலோ எங்கிருந்து வந்தது? ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. இரண்டு மாதத்தில் 2 கிலோ என்றால், நாளொன்றுக்குச் சுமார் 250 கலோரி கூடுதலாகப் போயிருக்கிறது. பெரும்பாலான பிஸ்கட்டுகளில் 100 கிராமுக்கு 450 முதல் 500 கலோரி வரை உண்டு. அதாவது இரவில் அரை பாக்கெட் பிஸ்கட் போதும், கணக்கு நேராகிவிடும். இது ஒரு தோராயக் கணக்கு. அந்த 2 கிலோ முழுக்கக் கொழுப்பாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லக் காரணம் உண்டு. நாள் முழுக்கப் பட்டினி கிடந்து திருத்த வேண்டிய அளவுக்கு எதுவும் கெட்டுவிடவில்லை. திருத்த வேண்டியது அந்த ஒரு சின்னப் பகுதிதான், அதுவும் பகல் பசியின் விளைவு.

எனவே காலையிலிருந்து தொடங்குவோம். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள். உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட முடியாது என்பது எனக்குப் புரிகிறது. குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே ஒரு கையால் சாப்பிடக் கூடியதை முந்தின இரவே எடுத்து வையுங்கள். அவித்த முட்டை, வேகவைத்த பயறு, தயிர், ஒரு கைப்பிடி கொட்டைப் பருப்பு, பழம் என்று எதுவும் சரி. இதை உங்கள் வேலையாக வைத்துக்கொள்ளாமல் வீட்டில் இன்னொருவரின் பொறுப்பாக ஆக்க முடிந்தால் இன்னும் நல்லது. உங்களுக்கு யாராவது 'என்ன உதவி வேண்டும்' என்று கேட்டால், வாய் கூசாமல் இதைக் கேளுங்கள்.

ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் புரதம் இருக்கட்டும். தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் வழக்கமான தேவைக்கு மேல் தினமும் 19 கிராம் அளவுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கிராம் கணக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றால், மூன்று வேளையும் 20 கிராமை ஒட்டி வந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு பெரிய டம்ளர் பாலில் 7, 100 கிராம் மீன் அல்லது கோழியில் 20-க்கு மேல், ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் 10-க்குச் சற்று முன்பின். புரதமும் காய்கறியும் தட்டில் பாதிக்கு மேல் இருந்தால், மாவுச்சத்து தானாகவே அளவுக்கு வந்துவிடும். பசியும் அடுத்த வேளைவரை பொறுத்திருக்கும்.

இரவுப் பசியைத் தடுக்கப் பார்க்க வேண்டாம், அதற்கு ஒரு தட்டு தயாராக வையுங்கள். நள்ளிரவில் பால் கொடுத்து முடித்ததும் பசிப்பது இயல்பு. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பழமும் கொஞ்சம் கொட்டைப் பருப்பும் இருந்தால் அதைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவீர்கள். பிஸ்கட் பாக்கெட் இருந்தால் பாக்கெட் காலியாகும். அந்த நேரத்தில் யாரும் யோசித்துச் சாப்பிடுவதில்லை, கைக்கு எட்டுவதைத்தான் சாப்பிடுவார்கள். ஒருநாள் பிஸ்கட்டே தின்றுவிட்டாலும் மறுநாள் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்து ஈடுகட்டப் போகாதீர்கள். அன்றைக்குத்தான் காலைச் சாப்பாடு கட்டாயம்.

குடிக்கும் பொருள்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பால் நன்றாகச் சுரக்கும் என்று விற்கப்படும் சத்துபானப் பவுடர்கள், இனிப்பு சேர்த்த பால், பழச்சாறு ஆகியவை வயிற்றை நிரப்பாமல் கலோரியை மட்டும் சேர்த்துவிடும். தண்ணீர் நிறையக் குடித்தால் பால் பெருகும் என்பதும் சரியில்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

எவ்வளவு குறைக்கலாம் என்றும் கேட்பீர்கள். அமெரிக்காவில் 2000-ல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிச் சொல்கிறேன். பால் கொடுக்கும், எடை கூடிய 40 தாய்மார்கள் அதில் இருந்தார்கள். ஒரு குழு தினசரி உணவில் சுமார் 500 கலோரியைக் குறைத்து, வாரம் நான்கு நாள் 45 நிமிடம் உடற்பயிற்சி செய்தது. பத்து வாரத்தில் அவர்களுக்குச் சராசரியாக 4.8 கிலோ குறைந்தது. எதையும் மாற்றாத குழுவுக்கு 0.8 கிலோ. முக்கியமான செய்தி இதுதான்: இரண்டு குழுக் குழந்தைகளின் வளர்ச்சியிலும் வித்தியாசம் இல்லை. வாரம் அரை கிலோ வரை குறைவது குழந்தைக்குக் கெடுதல் இல்லை என்று நாங்கள் தைரியமாகச் சொல்வதற்கு இதுபோன்ற ஆய்வுகள்தான் ஆதாரம். ஆனால் அந்த அரை கிலோ உச்ச வரம்பு. தூக்கம் கெட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் உங்களைப் போன்றவருக்கு மாதம் ஒரு கிலோவோ ஒன்றரைக் கிலோவோ குறைந்தாலே நல்ல முன்னேற்றம். தாய்ப்பால் மட்டும் கொடுக்கும்வரை ஒரு நாள் சாப்பாடு 1,800 கலோரிக்குக் கீழே போக வேண்டாம்.

உடற்பயிற்சியைப் பற்றி இன்னொரு ஆய்வு உண்டு, 1994-ல் வந்தது. அதில் தாய்மார்கள் வாரம் ஐந்து நாள், 45 நிமிடம், பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்தார்கள். பாலின் அளவும் தன்மையும் மாறவில்லை, உடலின் தாங்குதிறன் கூடியது. எடை மட்டும் பயிற்சி செய்யாதவர்களுக்கு எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுதான் குறைந்தது. ஏனென்றால் செலவழித்ததை அவர்கள் சாப்பாட்டில் ஈடு செய்துகொண்டார்கள். அதனால் நடைப்பயிற்சி வீண் என்று அர்த்தம் இல்லை. மனசுக்கும் தூக்கத்துக்கும் தசைக்கும் அது வேண்டும், விடாதீர்கள். எடைக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் சேருங்கள். பால் கொடுத்து முடித்ததும் பயிற்சி செய்தால் மார்பில் கனம் இல்லாமல் சௌகரியமாக இருக்கும்.

வயிற்றை மட்டும் பார்த்து எடையைத் தீர்மானிக்காதீர்கள். கர்ப்பத்தில் முன்வயிற்றுத் தசைகள் நடுவில் விலகும். முதல் குழந்தை பெற்ற 300 பெண்களை நார்வேயில் ஆராய்ந்தபோது, ஆறு மாதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கும், ஒரு வருடத்தில் மூன்றில் ஒருவருக்கும் அந்த விலகல் இருந்தது. எடை இறங்கினாலும் வயிறு மட்டும் தள்ளித் தெரிவதற்கு இது ஒரு காரணம். மல்லாந்து படுத்து எழும்போது நடுவயிறு கூம்பாகப் புடைத்தாலோ, இருமும்போது சிறுநீர் கசிந்தாலோ, படுத்து எழும் வயிற்றுப் பயிற்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

அடுத்து, பால் குறைந்ததுபோல் தோன்றியது பற்றி. எவ்வளவு பால் சுரக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, எத்தனை முறை, எவ்வளவு பால் வெளியேறுகிறது என்பதுதான். சில நாள் ஒருவேளைச் சாப்பாட்டைத் தவிர்த்ததால் மட்டும் பால் வற்றிவிடாது. சில மாதம் ஆனதும் குழந்தையின் தேவைக்கு ஏற்பச் சுரப்பு சீராகி, மார்பு முன்போல் கனமாக இருக்காது. அதைப் பால் குறைவு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். குழந்தை ஒரு நாளில் ஆறு டயப்பராவது நன்றாக நனைத்து, எடையும் வளர்ச்சிக் கோட்டை ஒட்டி ஏறினால் பால் போதுமானது. ஆனாலும் இரவுச் சாப்பாட்டை நிறுத்தியதை நான் ஆதரிக்கவில்லை. பால் தப்பித்துக்கொண்டாலும் அதற்கான விலையை உங்கள் உடம்பு கொடுக்கும். தினமும் 200 முதல் 300 மில்லிகிராம் கால்சியம் பாலில் போகிறது. கொஞ்சத்தை எலும்பிலிருந்தே உடம்பு எடுத்துக்கொடுக்கும். பால் கொடுப்பது முடிந்ததும் எலும்பு அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் என்றாலும், அதற்கான சத்து சாப்பாட்டில் வந்துகொண்டிருக்க வேண்டும்.

உங்கள் தோழி நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். இருந்தாலும் மாவுச்சத்தை அறவே நீக்கும் டயட் இப்போது உங்களுக்கு ஆபத்தாக முடியலாம். பால் சுரக்க உடம்புக்கு நிறைய குளுக்கோஸ் தேவை. அது கிடைக்காதபோது கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் ரத்தத்தில் அளவு மீறி, ரத்தமே அமிலத்தன்மை அடையலாம். நீரிழிவு இல்லாத பால் கொடுக்கும் பெண்களுக்கே இப்படி ஆகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. 2015-ல் ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு பதிவும் அவற்றில் ஒன்று. நீண்ட நேர விரதமும் இதே காரணத்தால் இப்போது வேண்டாம். எப்போதாவது சாப்பிடாமல் இருந்து வாந்தி, படபடப்பு, மூச்சு வாங்குதல் வந்தால் வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், 'பால் கொடுக்கிறேன், சரியாகச் சாப்பிடவில்லை' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

ஊசி விஷயமும் அப்படித்தான். செமாக்ளூடைட், லிராக்ளூடைட் போன்ற மருந்துகள் பசியை அடக்கி வேலை செய்பவை. பால் கொடுக்கும் காலத்தில் உங்களுக்கும் குழந்தைக்கும் வேண்டிய சத்தையும் சேர்த்து அது அடக்கிவிடும். குழந்தைகளுக்கு அவை பாதுகாப்பானவை என்று சொல்லப் போதிய ஆதாரமும் இல்லை. செமாக்ளூடைட் மாத்திரையைப் பால் கொடுப்பவர்கள் எடுக்கக் கூடாது என்று தயாரிப்பாளரின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. 'மூலிகை' என்று விற்கும் எடை குறைப்புப் பொடிகளும் வேண்டாம். அவற்றில் என்ன இருக்கிறது என்று உங்களால் உறுதி செய்துகொள்ள முடியாது.

சாப்பாட்டை மாற்றுவதோடு, இந்த வாரமே ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். பிரசவமான ஒரு வருடத்துக்குள் நூற்றில் ஐந்து பேர் அளவுக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வருகிறது. பலருக்கு முதலில் சுரப்பு கூடி, பிறகு நான்கு முதல் எட்டாவது மாத வாக்கில் குறையும். நீங்கள் இருப்பது சரியாக அந்தக் காலம். முதலில் வேகமாக இறங்கி, அப்புறம் நின்று, பிறகு ஏறிய உங்கள் எடையைப் பார்க்கும்போது இதைச் சோதிக்காமல் விட எனக்கு மனமில்லை. சோர்வு, முடி உதிர்தல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை எல்லாம் குழந்தை வளர்ப்பின் களைப்பு என்றே தள்ளப்பட்டுவிடும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது உண்மையைச் சொல்லிவிடும். குறைபாடு இருந்து மருத்துவர் தைராக்ஸின் மாத்திரை கொடுத்தால் பயப்பட வேண்டாம், பால் கொடுத்தபடியே எடுக்கலாம். ஹீமோகுளோபினும் வைட்டமின் பி12-ம் கூடவே பாருங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்து, பிரசவத்துக்குப் பின் சோதிக்கவில்லை என்றால் அதையும். கருத்தடைக்காக மூன்று மாத ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிலருக்கு அது எடையைக் கூட்டும்.

தூக்கத்தைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, உங்களால் முடியாததைச் சொல்வதாகிவிடும். இருந்தாலும் உங்கள் வீட்டார் இதைப் படிக்க வேண்டும். 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது நாளில் ஐந்து மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கிய தாய்மார்களுக்கு, ஒரு வருட முடிவில் ஐந்து கிலோவுக்குக் குறையாமல் தங்கிவிடும் வாய்ப்பு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிடச் சுமார் மூன்று மடங்காக இருந்தது. அதனால் இரவு முதல் முறை பால் கொடுத்ததும் குழந்தையைத் தோளில் போடுவதும் டயப்பர் மாற்றுவதும் இன்னொருவர் கையில் இருக்கட்டும். ஒரே மூச்சில் நாலு மணி நேரத் தூக்கம் கிடைத்தாலே மறுநாள் பசி எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

அந்த அழுகை பிஸ்கட்டுக்காக மட்டும்தானா? இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் மனம் வாடியிருந்தால், எதிலும் சந்தோஷம் இல்லாமல் போனால், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் எடையைப் பேசும் முன் இதைப் பேசுங்கள். பத்தே கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தில் அவர் இதைக் கண்டுபிடித்துவிடுவார். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக் கூடிய மருந்துகளும் உண்டு. உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, மருத்துவமனைக்குப் போங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது பால் பிழிந்து எடுக்கும் நேரத்தையே உங்கள் சிற்றுண்டி நேரமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் இருக்கும் பையிலேயே சாப்பாட்டு டப்பாவும் இருந்தால் மறக்காது. ஆறு மாதத்தில் குழந்தைக்கு இணை உணவு தொடங்கும். அதனால் பால் உடனே குறையாது, மெல்ல மெல்லத்தான் குறையும். குழந்தை மூன்று வேளை நன்றாகச் சாப்பிடத் தொடங்கும் ஒன்பது மாத வாக்கில் அந்த நள்ளிரவுத் தட்டைச் சிறிதாக்கலாம், பிறகு விட்டுவிடலாம். குழந்தை மிச்சம் வைக்கும் உணவை வீணாக்க மனமில்லாமல் சாப்பிடும் பழக்கம் அப்போது வரும். ஆரம்பத்திலேயே அதைச் செய்யாதீர்கள், கணக்கில் வராமலே எடை ஏற்றுவது அதுதான்.

தினமும் எடை மெஷினில் ஏற வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில், பால் கொடுத்த பிறகு பாருங்கள். தொப்புள் மட்டத்தில் வயிற்றளவையும் நாடாவால் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் இப்படிச் சாப்பிட்டுவிட்டு, அந்த இரண்டு அளவுகளையும் டி.எஸ்.எச். முடிவையும் எனக்கு எழுதுங்கள். தைராய்டு சரியாக இருந்தும் எடை அசையாமல் இருந்தால், மூன்று நாள் சாப்பிட்டதை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்புங்கள். எதைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.